மலைவீட்டுச் சமையலறைச் சுவருக்கு வண்ணம் பூசுதல்: சுவாச நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் பிற ஊர்களிலும் சமையலறைச் சுவர் சமவெளி வீட்டுச் சுவரைவிட விரைவில் கெடுகிறது. பூசிய வண்ணம் ஓராண்டுக்குள் பொரிந்து உதிர்கிறது. மூலைகளிலும் அலமாரிகளின் பின்புறத்திலும் கரும்பூசணம் படர்கிறது. வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவரோ, கைக்குழந்தையோ இருந்தால் அந்தச் சுவர் அவர்களின் உடல்நலத்தையும் பாதிக்கும். ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், இளைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் தெரிவிக்கிறது.

நீடித்து உழைக்கும் பூச்சு எது என்பதே பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி. நோயாளி உள்ள வீட்டில் அதற்கு முன்பாக இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சுவர் காய்ந்திருக்கிறதா? சுரண்டப்போகும் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமா? இவற்றுக்கு விடை தெரியாமல் விலையுயர்ந்த பெயிண்ட் வாங்குவதால் பயன் மிகக் குறைவு.

மலைவீட்டுச் சுவர் ஏன் ஈரமாகிறது?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடை மழை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் மாறிமாறி வருகின்றன. சுவருக்கு ஈரம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது.

முதலாவது, வெளியிலிருந்து வரும் ஓதம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடுகளில் பின்சுவர் பெரும்பாலும் மண்மேட்டை ஒட்டியே நிற்கும். பின்பக்கத்தில் இருக்கும் சமையலறைக்கு வாய்ப்பதும் அச்சுவர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்மேடு ஊறும்போது நீர் கல்லிடுக்குகள் வழியாக உட்புறம் கசிகிறது. பழைய கல் வீடுகளில் அடித்தளத்திலிருந்து ஈரம் மேலேறுவதைத் தடுக்கும் அடுக்கு இருப்பதில்லை.

இரண்டாவது, உள்ளேயே உண்டாகும் ஈரம். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எரிவாயுவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட நீர் ஆவியாக வெளிவருகிறது. ஆக, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் சமையலறைக் காற்றில் சுமார் 22 லிட்டர் நீர் கலந்துவிடுகிறது. சோறு கொதிக்கும் ஆவியும் இட்லிப் பானையின் ஆவியும் இதில் சேரவில்லை. குளிருக்கு அஞ்சி ஜன்னலை மூடி வைக்கும்போது இந்த ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிகிறது. அங்கே பூசணம் முளைக்கிறது.

இவ்விரண்டில் எது உங்கள் வீட்டின் காரணம் என்பதை நீங்களே அறிந்துகொள்ளலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையல் ஆவி. இரு பக்கமும் உலர்ந்திருந்தால் சுவர் பூச்சுக்கு ஆயத்தம். கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகே என மூன்று இடங்களில் இச்சோதனையைச் செய்வது நல்லது.

சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் அதைப் பூச்சால் மறைக்க இயலாது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே வாய்க்கால் எடுத்து நீரை வடித்தல், உடைந்த ஓட்டை மாற்றுதல், கசியும் குழாயைச் சரிசெய்தல் ஆகியவை கொத்தனாரின் வேலைகள்; பெயிண்டர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை. இதற்குப் பணம் போதாதெனில் அவ்வாண்டு வண்ணப் பூச்சைத் தள்ளிப்போட்டு வாய்க்காலை மட்டும் எடுங்கள். நோயாளிக்கு அதனால் வரும் நன்மை அதிகம்.

சமையல் ஆவியே காரணமெனில் தீர்வு எளிது. அடுப்புக்கு மேல், கூரையை ஒட்டி, காற்றை வெளியேற்றும் மின்விசிறி பொருத்துங்கள். சமைக்கும்போதும் அதன்பின் கால்மணி நேரமும் அது ஓடட்டும். மின்விசிறி இல்லாத இடத்தில், எதிரெதிரே உள்ள இரண்டு திறப்புகளைச் சமையல் நேரத்திலாவது திறந்து வையுங்கள்.

பழைய பூச்சைச் சுரண்டுவதற்கு முன்

இப்பணியில் உடல்நலத்துக்கு மிகுந்த ஆபத்தை விளைவிக்கக்கூடிய கட்டம் இதுவே. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியது முதல் இம்மலையில் தோட்ட பங்களாக்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் கட்டப்பட்டு வந்துள்ளன. இன்றும் மக்கள் வசிக்கும் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், சமையலறைச் சுவரின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் எனாமல் பூச்சு அடுக்கடுக்காக இருக்கும். பழைய எனாமல் பூச்சுகளில் நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அவை கூடுதல்.

வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதிகளை வெளியிட்டது. அவை 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட எனாமல் எதுவாயினும் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

சுவரில் ஒட்டியிருக்கும்வரை அந்தப் பூச்சால் பெருந்தீங்கு இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், அனல் காட்டி உரிக்கும்போதும் அது தூசியாகவும் புகையாகவும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளைத் தாக்கிய ஈய நச்சுக்கு வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளில் பொடிந்து வந்த பெயிண்டே மூலம் என்று 1904-இல் எழுதினார். பொடி விரலில் ஒட்டி, விரல் வாய்க்குப் போயிற்று. நம் வீடுகளில் தரையில் தவழும் குழந்தைக்கும் அதே வழிதான். விழுங்கிய ஈயத்தை இளங்குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கு முதல் ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைகளிடம் இது இன்னும் கூடும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. மூளை வளர்ச்சியில் ஏற்படும் பாதிப்பு பிற்பாடு சரியாவதில்லை.

ஆகவே, உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய எனாமலைச் சுரண்டாதீர்கள். சோப்பு நீரால் கழுவி, உலரவிட்டு, அதற்குரிய பிரைமர் அடித்து மேலே பூசுவதே பாதுகாப்பான வழி. பொரிந்த இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். அப்போதும் நீர் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்ப்பதும், ஊதுவிளக்கால் எரித்து உரிப்பதும் கூடாது.

வேலை முடியும்வரை கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வேறு வீட்டில் தங்குவது நல்லது. அரிசி, பருப்பு, பாத்திரங்கள் அனைத்தையும் அறையிலிருந்து அகற்றிவிடுங்கள். தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளைச் சுரண்டலுடன் அப்படியே சுருட்டிக் கட்டி, அதை எங்கே சேர்ப்பது என்று உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள். கீரைப்பாத்தியிலோ காப்பிச் செடியின் அடியிலோ கொட்டாதீர்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். சுரண்டியவர் என்-95 முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். தலையில் கட்டும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது. அவருடைய ஆடைகளைத் தனியே துவைக்க வேண்டும்.

பூசணத்தை அகற்றுதல்

மூன்றடிக்கு மூன்றடிக்குள் உள்ள பூசணத்தை வீட்டிலுள்ளவர்களே சோப்பு நீரும் தேய்ப்பானும் கொண்டு அகற்றலாம். இதைச் செய்பவர் நோயாளியாக இருக்கக் கூடாது. அவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். பிளீச்சிங் திரவம் பயன்படுத்துவதெனில் ஒரு பங்குக்குப் பதினாறு பங்கு நீர் சேர்த்து, ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கையுறையுடன் பயன்படுத்துங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். அக்கலவையிலிருந்து வெளிவரும் குளோரின் வாயு ஆரோக்கியமானவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். விறகடுப்பு எரியும் வீடுகளில் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்க்கரியையும் இதே சமயத்தில் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி எடுக்க வேண்டும். கரியின் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது.

எந்தப் பூச்சு?

சுண்ணாம்பு பழமையானது, மலிவானது. ஈரம் உள்ள சுவருக்கு இன்றும் அதுவே பொருத்தம் என்பது எமது கருத்து. சுவரின் ஈரம் வெளியேற அது தடையாக இருப்பதில்லை. அதன் காரத்தன்மையால் பூசணம் எளிதில் வளராது. மணமும் இல்லை. குறை என்னவெனில், அது கையில் ஒட்டும். எண்ணெய்க் கறையைக் கழுவ முடியாது. ஆண்டுக்கொரு முறை மீண்டும் அடிக்க வேண்டும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் போன்ற ஊர்களில் மண்ணும் கல்லும் கொண்டு கட்டிய பழைய வீடுகளுக்கு இதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். நீற்றும்போதும் விட்டம் நோக்கி அடிக்கும்போதும் கண்ணாடி அணியுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டிஸ்டெம்பர் விலை குறைவு. உலர்ந்த கூடத்துக்கு ஏற்றது. சமையலறையில் இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது.

எனாமல் நன்றாகக் கழுவக்கூடியது, பளபளப்பானது. ஆயினும் அது சுவரை மூடி அடைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக எழுகிறது. புதிய சிமென்ட் பூச்சின் காரம் எனாமலின் எண்ணெயைச் சோப்பாக மாற்றிப் பிசுபிசுக்கச் செய்துவிடும். அதிலுள்ள டர்பென்டைன், தின்னர் ஆகியவற்றின் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. நோயாளி உள்ள வீட்டில் சுவருக்கு எனாமல் வேண்டாம்.

காய்ந்த சுவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது நீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷன்; அதிலும் மிதமான மினுமினுப்புடைய, கழுவத்தக்க வகை. முற்றிலும் மினுமினுப்பற்ற வகையில் எண்ணெய் ஊறிக் கறை நிலைத்துவிடும். டப்பாவில் இரண்டு செய்திகள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டவில்லை என்பது ஒன்று, எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள், அதாவது வி.ஓ.சி., குறைவு என்பது மற்றொன்று. பெயரில்லாத டப்பாவிலோ பெரிய டின்னிலிருந்து ஊற்றியோ விற்கப்படும் பெயிண்டில் இவை எதையும் சரிபார்க்க இயலாது. டப்பாவின் மேல் எழுதப்பட்டிருக்கும் ஐந்தாண்டு, ஏழாண்டு உத்தரவாதங்கள் பெரும்பாலும் ஈரமற்ற சுவருக்கே பொருந்துபவை. சிறிய எழுத்துகளில் உள்ளதையும் படியுங்கள்.

‘பூசணத் தடுப்பு’ என்ற சொல்லைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1989-இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கால்வலியாலும் மிகுந்த வியர்வையாலும் அவதியுற்றபோது, ஜன்னல்கள் மூடிய நிலையில் வீட்டினுள் பூசப்பட்ட பெயிண்டில் பூசணத்தைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த பாதரசமே காரணம் எனத் தெரிந்தது. மறு ஆண்டே அந்நாட்டில் வீட்டின் உட்புறப் பெயிண்டுகளில் பாதரசம் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நீரில் கரையும் இன்றைய பெயிண்டுகள் பலவற்றில் பயன்படும் பதப்படுத்தும் பொருள்களும் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. கிரீம், ஷாம்பு ஆகியவற்றால் அடிக்கடி தோல் தடிப்பு வருபவர்கள் புதிதாகப் பூசிய அறையில் சில நாள்கள் நுழையாதிருப்பது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கறை தெரியாமலிருக்கச் சமையலறைக்கு அடர்நிறமே ஏற்றது என்று பெயிண்டர் சொல்லக்கூடும். நோயாளி உள்ள வீட்டில் வெளிர்நிறம் பூசுங்கள். பூசணம் புள்ளியாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரியட்டும். அடுப்புக்குப் பின்னும் தொட்டிக்கு மேலும் இரண்டடி உயரத்துக்கு ஓடு பதிக்க இயன்றால், பூச்சுக்கு நேரும் தேய்மானத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

எப்போது, எவ்வாறு பூசுவது?

போகிக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்புக்கு அது பொருந்தும்; சுண்ணாம்பு மெல்ல உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகுகிறது. எமல்ஷனுக்கு மலையில் அது பொருந்தாத காலம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. குளிரிலும் மூடுபனியிலும் எமல்ஷன் சரியான படலமாகப் படியாமல் பிற்பாடு பொடியாக உதிரும். மாசி, பங்குனி மாதங்களில், காலைப் பனி விலகிய பின் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடிப்பதே இங்கு ஏற்ற முறை.

புதிய சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள்கள் விட வேண்டும். பட்டி பார்ப்பதற்கு வெள்ளை சிமென்ட் கொண்ட வகையையே கேளுங்கள். மற்றவை ஈரம் பட்டால் இளகிவிடும். பட்டியைத் தேய்க்கும்போது எழும் வெண்தூசி நுண்ணியது. அன்று நோயாளி வீட்டில் இருக்கலாகாது. பின்னர் நீரில் கரையும் பிரைமர் ஒரு முறையும், எமல்ஷன் இரு முறையும், ஒவ்வொன்றுக்கும் இடையே டப்பாவில் குறித்த நேரம் விட்டுப் பூச வேண்டும். பனிக்காற்று இருந்தால் அந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். டப்பாவில் சொன்னதைவிட அதிக நீர் சேர்த்தால் பெயிண்ட் நெடுந்தூரம் வரும். ஆனால் முதல் முறை கழுவும்போதே துணியோடு வந்துவிடும். அளவைக் கூடவே நின்று பாருங்கள்.

எட்டடிக்குப் பத்தடிச் சமையலறையில், ஒன்பதடி உயரச் சுவருக்கு, கதவு, ஜன்னல், ஓடு நீங்கலாகச் சுமார் 250 சதுர அடி வரும். இரு முறை பூச ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து லிட்டர் எமல்ஷன் போதும். பூசிய மூன்று, நான்கு வாரங்களுக்குச் சுவரைத் தேய்த்துக் கழுவாதீர்கள். படலம் முழுவதும் இறுகிய பின்னரே அது கழுவலைத் தாங்கும்.

பூச்சு நாள்களில் நோயாளியைப் பராமரித்தல்

மலையில் குளிர்காலத்தில் சமையலறையே வீட்டின் வெதுவெதுப்பான இடம். முதியவர்கள் பலர் அங்கேயே படுக்கின்றனர். பூச்சு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது மூன்று நாள்கள், மணம் நீங்காவிடில் அதற்கு மேலும், அவர்களின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். முகக்கவசம் தூசியைத் தடுக்கும்; பெயிண்டின் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டமே அதற்கு வழி. வேலைக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் தெரிவித்து, தடுப்பு இன்ஹேலரை வழக்கம்போல் தொடரவும், விரைவு நிவாரண இன்ஹேலரில் போதிய மருந்து உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

சுவர் விரைவில் உலரட்டும் என்று மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி வைக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உறங்குபவர் விழிப்பதில்லை. கதவு, ஜன்னல்களுக்கு எனாமல் பூசும் நாளில் தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அன்றைய உணவை அண்டை வீட்டில் சமைத்துக்கொள்ளலாம்.

தோட்டக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ வசிப்பவர்களால் சுவரைத் திருத்த இயலாமல் போகலாம். அவர்கள் கசிவை நிர்வாகத்துக்கோ உரிமையாளருக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, மருத்துவச் சீட்டின் நகலையும் இணைக்கலாம். அதுவரை, நோயாளியின் கட்டிலை ஈரச்சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு, பூசணத்தை வாரந்தோறும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பூச்சு வேலைக்குப் பின் இருமலோ இளைப்போ இரவில் விழிக்கச் செய்தால், அல்லது நிவாரண இன்ஹேலரின் தேவை வழக்கத்தைவிட அதிகரித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வீட்டில் அண்மையில் பெயிண்ட் சுரண்டியதையும் பூசியதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க வாய்ப்பில்லை. பழைய பூச்சைச் சுரண்டிய வீட்டில் குழந்தைக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தசோகை ஆகியவை தோன்றினால் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிப்பது குறித்துக் கேளுங்கள். அறிகுறி இல்லாதிருப்பதால் மட்டும் ஈயம் சேரவில்லை என்று கொள்ள முடியாது. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் குறையாத இளைப்பு ஆகியவை அவசர நிலைகள். உடனே 108-ஐ அழையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பனி இறங்கிய இரவில் வாகனம் மெதுவாகவே செல்ல முடியும். ஆதலால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.